மாசிலாமணி ஐயா சொல்லாமல் போனது

பண்டாரவளை ரயிலடியில் துணி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. பதுளையிலிருந்து வந்த வண்டிக்காரர் கருப்பையா, மாட்டைக்கூட அவிழ்க்காமல் என்னைத் தேடி வந்து நின்றார்.

"முதலாளி, நொத்தாரிசு கந்தோர் கிளாக்கர் ஐயா நேத்து சாயந்திரம் போயிட்டாருங்க. மாசிலாமணி ஐயாங்க. தம்பி மாத்தளையிலேருந்து வரணுமாம். நாளைக்குத்தான் எடுக்கிறாங்க."

பெரியவர் ஒருவர் காலமானார் என்று கேட்டால் மனிதனுக்கு முதலில் துக்கம் வர வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. என்னைப் பற்றிய ஒரு கேவலமான விஷயம் அவருக்குத் தெரியும். அதை எங்காவது ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டுப் போயிருப்பாரோ, நாளை அவர் பெட்டியைத் திறப்பவர்கள் படித்துவிடுவார்களோ? அந்த விஷயத்தை இந்த அஞ்சலியில் நானே சொல்லப்போகிறேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் அது பாதிப் பேச்சுதான்.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்கிறேன். பதுளையில் பத்திரம் எழுதி உறுதிப்படுத்தித் தரும் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் அவர் ஆயுள் முழுக்கக் கிளாக்கராக இருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, கறுப்புக் கோட்டு, வெயிலோ மழையோ கையில் ஒரு குடை. உறுதி என்னும் காணிப் பத்திரங்களும் மரண சாசனம் என்னும் உயில்களும் அந்தக் காலத்தில் இங்கிலீசில்தான் எழுதப்பட்டன. கையெழுத்துப் போடுகிறவருக்கு அதைத் தமிழில் படித்து விளக்கிச் சொல்வது அவர் வேலை. வேலை என்று சொன்னாலும், நம் சனங்களுக்கு அவர் கிட்டத்தட்ட எமனுடைய ஆள். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அவருக்குச் சித்திரகுப்தன் என்று பெயர். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் அவர் குடையைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்கள். படுத்திருப்பவர் வீட்டுக்கு அவர் போனால் பக்கத்து வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் அவர் சந்து முனையிலேயே நின்று, "நான் சும்மாதாங்க வந்தேன், வெத்திலை போட வந்தேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நுழைவார்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு குத்தகைக் காகிதத்துக்காகக் கந்தோருக்குப் போன நாளில். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பெரிய கங்காணி ஒருவர் இறந்திருந்தார்; மாசிலாமணி ஐயா அவர் மனைவிக்குச் சாசனத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கீழே உட்கார்ந்திருந்தார். இவரும் நாற்காலியை விட்டு இறங்கிக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

"சீவிய உரித்துன்னு எழுதியிருக்கும்மா. பயப்படாதீங்க. நீங்க இருக்கிற மட்டும் அந்த வீட்ல இருக்கலாம், ஆக்கித் திங்கலாம், பலாக்காய் பறிச்சுக்கலாம். உங்களை எவனும் எழுப்ப முடியாது. ஆனா பலா மரத்தை வெட்டி விக்க முடியாது. அது உங்களுக்குப் பின்னால பிள்ளைகளுக்கு."

அந்த அம்மாள், "அப்ப என் மச்சினரு?" என்று கேட்டார். மச்சினரை அந்தச் சாசனத்தில் நிறைவேற்றுநர் என்று போட்டிருந்தது. அவர் அன்று காலையிலேயே தொழுவத்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம். மாசிலாமணி ஐயா ஆளனுப்பி அவரை வரவழைத்தார். நானும் குத்தகையை மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

"நிறைவேற்றுநர்னா சொந்தக்காரர் இல்லைங்க. செத்தவர் சொன்னதைச் செஞ்சு முடிக்கிற ஆளு. மாட்டைக் கட்டுற கயிறு நீங்க. பால் குடிக்கிற வாய் வேற" என்றார். மாடுகள் மறுநாளே திரும்பி வந்தன.

இப்படிப்பட்டவரிடம் பழகியும் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். அதைச் சொல்ல என் குடும்பக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பசறைக் கடைத்தெருவில் இருக்கும் ஜவுளிக்கடையும் அதன் பின்கட்டு வீடும் என் அக்காள் கணவர் வெள்ளைச்சாமி அத்தானுடையவை. என் அக்காள் இளம் வயதிலேயே போய்விட்டாள். அவளுடைய ஒரே மகள் சிவகாமியைத்தான் எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவது நம்மவர்களில் புதிதா என்ன? அந்த வீட்டில்தான் அத்தானும், சிவகாமியும், நானும், மூன்று பிள்ளைகளும் இருந்தோம். அத்தானுக்கு உடம்பு தளர்ந்ததும் சாசனம் எழுத முடிவு செய்தார். கடையும் வீடும் மகள் சிவகாமிக்கு. மீதி எல்லாம் இந்தியாவில், ஊரிலிருக்கும் தன் அண்ணன் மகனுக்கு.

எழுதிய நாளில் மாசிலாமணி ஐயா காய்ச்சலாகப் பதுளையில் படுத்திருந்தார். நொத்தாரிசு புதிதாக வந்த ஒரு கிளாக்கரைக் கூட்டிக்கொண்டு பசறைக்கு வந்தார். இரண்டு சாட்சி வேண்டும் என்றதும் நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனேன். காதுகுத்தானாலும் கல்யாணமானாலும் முதல் மரியாதை தாய்மாமனுக்கு. சிவகாமிக்குச் சொத்து எழுதும் காகிதத்தில் அவள் தாய்மாமன் இருக்கும்போது வேறு எவன் முதல் கையெழுத்துப் போடுவான்? நொத்தாரிசு, "இவர் யார்?" என்று கேட்டார். "என் சம்சாரத்தோட தம்பி" என்றார் அத்தான். அது உண்மைதானே. அவர் மகளுக்கும் நான்தான் புருஷன் என்பதை யாரும் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த சங்கதியை யார் எடுத்துச் சொல்வார்கள்? வெளியூர்க்காரரான நொத்தாரிசுக்கு அப்படியொரு முறை உண்டென்றே தெரியாது. நான் மீசையைத் தடவிக்கொண்டு பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலையே அத்தான் பின்கட்டுப் படியில் விழுந்தார். இடது கால் வரவில்லை. "அந்தக் காகிதம் கேட்ட காவு இது" என்று அவரே சொன்னார். எங்களுக்கும் உள்ளூர அதே எண்ணம்தான்.

பத்து நாள் கழித்து, கொட்டுகிற மழையில், மாசிலாமணி ஐயா வண்டி கட்டிக்கொண்டு பசறைக்கு வந்தார். காய்ச்சல் தெளிந்து கந்தோருக்குப் போனவர், சாசனத்தைப் பதிவுக்குப் பிரதி எடுக்கும்போது என் கையெழுத்தைப் பார்த்திருக்கிறார். கடையில் நானும் சிவகாமியும்தான் இருந்தோம். அவர் குடையை மடக்காமலே கேட்டார்.

"முதலாளி, சாட்சிப் பக்கத்துல உங்க பேர் எப்படி வந்திச்சு?"

"தாய்மாமன் போடாம?"

"தாய்மாமனா போடலாங்க. புருஷனா போடக் கூடாது. சாட்சி போட்டவருக்கும் சரி, அவர் சம்சாரத்துக்கும் சரி, அந்தச் சாசனத்துல எழுதினது செல்லாது. மத்ததெல்லாம் நிக்கும். சிவகாமிக்கு எழுதினது மட்டும் போயிரும்."

"போயிரும்னா? எங்க போகும்?" என்று சிவகாமிதான் கேட்டாள்.

"மீதியில விழும்மா. மீதின்னா தட்டுல ஒட்டிக்கிட்டிருக்கிற பருக்கைன்னு நினைக்கிறோம். பேர் சொல்லாதது எல்லாம் மீதிதான். பேர் சொல்லிக் கெட்டுப்போனதும் மீதிதான். இந்தக் கடை, நீங்க நிக்கிற இடம், எல்லாம் உங்க பெரியப்பா மகனுக்கு."

என் கையால், என் வீம்பால், என் மனைவியின் வீட்டை நானே பறிகொடுக்க வைத்துவிட்டேன். மூன்று பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பேன்?

"ஒண்ணும் கெட்டுப்போகலை. எழுதினவர் உயிரோட இருக்கார். வேற ஒண்ணு எழுதினா சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஐயா பின்கட்டுக்குப் போனார். ஆனால் அத்தான் கேட்க மாட்டேன் என்று காதைப் பொத்திக்கொண்டார்.

"ஒருதரம் எழுதினதுக்கு ஒரு கால் போச்சு. மறுதரம் எழுதினா உசிரே போயிரும். என்னைக் கொல்லத்தான் வந்தீங்களா? போங்க ஐயா!"

அன்றிலிருந்து அத்தான் இருமினால் நான் ஓடுவேன். கஞ்சி வேண்டாம் என்றால் எனக்கும் சோறு இறங்காது. அது பாசமா, வீடு போய்விடுமே என்ற பயமா என்று எனக்கே தெரியவில்லை. அத்தான் என் முகத்தைப் பார்ப்பார். "என்ன மாப்பிள்ளை, இன்னும் இருக்கேனான்னு பார்க்கிறீங்களா?" என்பார்.

ஊரிலிருந்து அண்ணன் மகனின் கடிதம் வந்தது. சித்தப்பாவைப் பார்க்க வருகிறேன் என்று இரண்டே வரி. அதைப் படித்ததும் எனக்குப் புத்தி கெட்டது. சிவகாமியிடம், "பதுளைக்குப் போய்ச் சரி பண்ணிட்டு வரேன். என் பேரைச் சுரண்டிட்டு வேற பேரைப் போட்டா முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் அத்தானுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கந்தோரில் ஐயா தனியாக இருந்தார். நான் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "நொத்தாரிசு ஐயாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஒரு பேரைச் சுரண்ட எவ்வளவு நேரமாகும்? பிள்ளைக்குட்டிக்காரன் நான்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"இதைக் கேட்டது நீங்க இல்லை, உங்க பயம். அதனால நான் காதுல வாங்கலை. வீடு போனா வாடகைக்கு ஒண்ணு பார்க்கலாம். கள்ளக் கையெழுத்துல நீங்க உள்ள போயிட்டா சிவகாமி யாரைப் பார்ப்பா?"

"உங்களுக்குப் பிள்ளை இல்லை. அதான் வலிக்கலை" என்றேன் நான்.

இதுதான் நான் சொல்ல வேண்டியிருந்த விஷயம். கள்ளக் கையெழுத்துக்கு ஆள் பிடிக்கப் போனேன். மறுத்த மனிதரைப் பிள்ளையில்லாதவர் என்று குத்திவிட்டு வந்தேன். அவர் கோபப்படவில்லை. "ஆமா" என்று மட்டும் சொன்னார். கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த வாரமே அவர் பசறைக்கு வந்தார். சாசனத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அத்தானோடு வெற்றிலை போட்டுவிட்டுப் போனார். மறுபடி வந்தார். மூன்றாம் முறை வந்தபோது, கையிலிருந்த துணிப்பையைக் கட்டிலில் கவிழ்த்தார். குறுக்கே கோடு போட்ட தாள்கள் ஏழெட்டு விழுந்தன.

"இதெல்லாம் நான் எனக்கு எழுதின உயில். ஒவ்வொரு தடவையும் மனசு மாறும், பழசை அடிச்சிட்டுப் புதுசு எழுதுவேன். எழுதினா சாவு வரும்னா நான் இத்தனை தடவை செத்திருக்கணுமே! இது நாம போன பிறகு பேசுற காகிதம். அதுவரைக்கும் ஊமை. கடைசியா எழுதினதுக்கு மட்டும்தான் வாய்."

அத்தான் ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். இங்கிலீசு தெரியாது, கோட்டைத்தான் பார்த்தார். "அப்ப எம் பொண்டாட்டிக்குன்னு எழுதிட்டுச் சண்டை வந்தா அடிச்சிருவீரோ?" என்றார். "ரெண்டு தடவை அடிச்சிருக்கேன்" என்றார் ஐயா. படுத்ததிலிருந்து அத்தான் சிரித்தது அன்றுதான்.

இரண்டாவது சாசனம் எழுதிய நாளில் சாட்சிகளை ஐயாவே தேடிப் பிடித்தார். எதிர்க்கடை மொகிதீன் சாயிபு ஒருவர். காய்கறி வியாபாரி அப்புஹாமி இன்னொருவர். இருவருக்கும் எங்கள் குடும்பத்தோடு கொண்டான் கொடுத்தான் உறவு கிடையாது. எங்களை ஐயா வாசலுக்கு வெளியே அனுப்பினார். "முதலாளி, நீங்களும் சிவகாமியும் வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. நாளைக்கு எவனாவது வந்து, மிரட்டி எழுதி வாங்கினாங்கன்னு சொல்ல இடம் வைக்காதீங்க" என்றார்.

கடைத்தெருக் கோயில் மதிலோரம் பிள்ளைகளோடு நின்றோம். தூறல் விடவில்லை. உள்ளே அத்தான் மறுபடி பயந்து பேனாவைப் போட்டுவிடுவாரோ? பாதிக் கையெழுத்தில் மூச்சு நின்றுவிடுமோ? இல்லை, நான் இல்லாத நேரம் பார்த்து என் முகத்தை நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அண்ணன் மகனுக்கே எழுதிவிடுவாரோ? அப்படி எழுதினால் அது நியாயம்தான் என்று எனக்கே தோன்றியது. அதுதான் பெரிய பயம்.

வெகு நேரம் கழித்து ஐயா வெளியே வந்தார். "ஆச்சு" என்றார்.

"என்ன எழுதினாருங்க?"

"அவர் இருக்கிற மட்டும் அது அவர் மனசு. நான் சொல்ல மாட்டேன்."

எத்தனை முறை கேட்டிருப்பேன்! பதுளைக்குப் போகும்போதெல்லாம் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சொல்லவில்லை. ஏழெட்டு மாதம் நான் அத்தானுக்குக் கஞ்சி ஊட்டினேன், கால் பிடித்துவிட்டேன், அது யார் வீடு என்று தெரியாமலே.

அத்தான் போன பிறகு, காரியம் முடிந்து, ஊரிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் முன்னால் ஐயா சாசனத்தைப் படித்தார். கடையும் வீடும் சிவகாமிக்குத்தான். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் படித்து முடிக்கவில்லை. "புருஷனுக்கு இதில் எந்த உரித்தும் இல்லை. விற்கவோ ஈடு வைக்கவோ அவர் சம்மதம் வேண்டியதில்லை, அவர் சொல்லி அதைச் செய்யவும் முடியாது" என்று ஒரு வரி இருந்தது. அதை அவர் மற்ற வரிகளைப் படித்த அதே குரலில் படித்தார். அண்ணன் மகன் என்னைப் பார்த்தான். சபையே என்னைப் பார்த்தது.

நான் கள்ளக் கையெழுத்துக் கேட்டதை இவர் அத்தானிடம் போட்டுக்கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். வேறு எப்படி அந்த வரி வரும்? அந்த நினைப்பை இத்தனை வருடமும் வைத்திருந்தேன். அவரிடம் காகிதம் கொண்டு போவேன், ஏனென்றால் அவரைப் போல ஒருவர் இல்லை. ஆனால் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். ஒரு நாள் நேராகவே கேட்டேன். "அந்த வரியைப் போடச் சொன்னது யாரு?"

"காகிதத்துல இருக்கிறதைக் கேளுங்க, சொல்றேன். உள்ள பேசினதைக் கேட்காதீங்க" என்றார்.

பின்னாளில் ஒரு விஷக்காய்ச்சல் தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கொண்டுபோனபோது, ஸ்பிரிங்வெளி லயங்களுக்குள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போன மனிதர் அவர். முன்பு அவரைக் கண்டு ஒளிந்தவர்களே அப்போது ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். இரண்டு மாடு, ஒரு தோடு, ஊரில் கால் காணி, அவ்வளவுதான் அவர்களுக்கு எழுத இருந்தது. "பயமில்லையா ஐயா?" என்று கேட்டேன். "பயம்தாங்க. எழுதாம போனா சட்டம் தானா ஒரு பங்கு போடும், அதுல இவங்க மனசு இருக்காது. அது இன்னும் பயம்" என்றார். அப்போதும் நான் மனம் இளகவில்லை.

பண்டாரவளையிலிருந்து நான் பதுளை வந்து சேர்ந்தபோது சிவகாமி எனக்கு முன்பே பசறையிலிருந்து வந்து ஐயாவின் சம்சாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுத அழுகை எனக்கு விளங்கவில்லை. மறுநாள் பாடை கட்டும்போது கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மாமா, அவரைத் தூக்கிறதுக்கு முன்னால சொல்லிடறேன். அந்த வரியைப் போடச் சொன்னது நான்தான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"பேரைச் சுரண்டப் போறேன்னு நீங்க சொல்லிட்டுப் போனீங்களே, அன்னைக்கே அப்பாகிட்டச் சொன்னேன். பயந்தா இவர் என்னத்தையும் செய்வார், வீட்டை இவர் கையில விடாதீங்கப்பான்னு. அப்பா உள்ள அதைச் சொன்னப்போ எழுதினவரு இந்த ஐயா. நீங்க இத்தனை வருஷமா இவர் மேல கோபத்தை வச்சிருந்தீங்க. ஒருதரம் நானே வந்து இவர்கிட்டக் கேட்டேன், சொல்லிடட்டுமான்னு. 'நீங்க அவரோட குடும்பம் நடத்தணும்மா, கோபம் என் மேலயே இருக்கட்டும்'னு சொல்லிட்டாரு."

என்னால் அவளைக் கோபிக்க முடியவில்லை. அவள் பயந்தது என்னைப் பார்த்து. சரியாகத்தான் பயந்திருக்கிறாள். ஐயாவின் பாடைக்குத் தோள் கொடுத்தேன். சுடலைவரை தோள் மாற்ற விடவில்லை. வாய்க்கரிசி போடும்போது "மன்னிச்சிருங்க ஐயா" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஐயா, நீங்கள் காதில் வாங்காததை ஊர் கேட்க எழுதிவிட்டேன். உங்கள் வாயிலிருந்து வராதது என் கையிலிருந்து வரட்டும். நிம்மதியாகப் போய் வாருங்கள்.

ஆற்றில் முழுகிவிட்டு நானும் சிவகாமியும் ஒரே வண்டியில் பசறைக்குத் திரும்பினோம். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை ஆயிரம் முறை செருப்போடு தடதடவென்று நுழைந்த வீடு அது.

"உள்ள வரலாமா, சிவகாமி?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "வாங்க மாமா" என்றாள்.